மெர்சிக்கு நான் அனுப்பிய வாழ்த்து

மெர்சி இறந்துவிட்டாள். புதன்கிழமை காலை... மாரடைப்பு. நாற்பது வயதுகூட ஆகவில்லை.

தூத்துக்குடி ஹார்பர் பக்கம் நாங்கள் வேலை பார்த்த ஷிப்பிங் ஆபீஸில் என் பக்கத்து சீட் அவள். இங்கே பலருக்கு அவளைத் தெரியும். பழைய ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் நான் போட்டதையும் சிலர் பார்த்திருப்பீர்கள்.

அவள் கணவர் ரொசாரி அண்ணனும் அதே ஆபீஸில் இருந்தவர்தான். இப்போது லண்டனில் வேலை. மெர்சி அங்கே போய்ச் சேர வேண்டுமென்றால் இங்கிலீஷ் பேசிக் காட்டும் ஒரு டெஸ்ட்டில் பாஸாக வேண்டும். ஏற்கனவே ஒரு தடவை ஃபெயில். போன வாரம் மறுபடி போய்விட்டு வந்தாள். ரிசல்ட்டுக்காக குரூப்பே காத்திருந்தது.

புதன்கிழமை அண்ணன் குரூப்பில் இங்கிலீஷில் ஒரே ஒரு வரி போட்டார். "மை மெர்சி பாஸ்ட் திஸ் மார்னிங்."

நான் வேறென்ன நினைப்பேன்...

"கங்கிராஜுலேஷன்ஸ்! எனக்கு அப்பவே தெரியும்!" பலூன், கேக், கைதட்டல். எனக்குப் பின்னால் இன்னும் சிலர் கைதட்டினார்கள். என்னைப் பார்த்துத்தான்.

அதோடு விட்டேனா? அவள் நம்பருக்கே போன் போட்டேன். எடுத்த உடனே, "ஏளா, ட்ரீட் எப்போ?" என்று கத்தினேன்.

எடுத்தது அவள் அம்மா.

"ஏளா... மெர்சி போயிட்டாளே. நெஞ்சு வலிக்குன்னா... ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள போயிட்டாளே."

லண்டனிலெல்லாம் ஒருவர் இறந்ததை 'பாஸ்ட்' என்றுதான் சொல்வார்களாம். எனக்குத் தெரியாது. பதறிப் போய் மெசேஜை அழித்தேன். அதற்குள் அண்ணன் பார்த்துவிட்டார்.

நானும் அவளும் தமிழ் மீடியம். வெளிநாட்டுக் கப்பலிலிருந்து போன் வந்தால், நீ எடு, நீ எடு என்று ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்ப்போம். அது அடித்தே ஓய்ந்துவிடும். மேனேஜரிடம் திட்டு வாங்கிய பிறகுதான் சனிக்கிழமை ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேர்ந்தோம்.

ஒருநாள் வீட்டிலிருந்து சீலா மீன் குழம்பு கொண்டு வந்தாள். மூடியைத் திறந்து என் பக்கம் தள்ளி, ஸ்டைலாக, "ஹெல்ப் யுவர்செல்ஃப்" என்றாள். உன் வேலையை நீயே பார்த்துக்கொள் என்கிறாள் போல... முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என் தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். சாயங்காலம் வரை அவளோடு பேசவில்லை.

விஷயம் தெரிந்ததும் அப்படி ஒரு சிரிப்பு. "வேணுங்கிறத எடுத்துப் போட்டுச் சாப்பிடுன்னுதான சொன்னேன்! அதுக்கா ளா கோவிச்சுக்கிட்டு இருந்த?"

டவுன் பஸ்ஸில் எல்லார் முன்னாலும் இங்கிலீஷில் பேச ஆரம்பித்துவிடுவாள். "ஹவ் வாஸ் யுவர் டே?" முன் சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஏளா, சும்மா இரு" என்பேன்.

"தப்பாப் பேசுனா புடிச்சு ஜெயில்லயா போடப் போறாவ?" என்பாள். நான் பதில் சொல்லும் வரைக்கும் விடமாட்டாள்.

நேற்று அடக்கம். அண்ணன் ஏர்போர்ட்டிலிருந்து நேராக மாதா கோயிலுக்கு வந்தார். நான் கடைசியில், ஒரு தூணை ஒட்டி நின்றுகொண்டேன். யாருடைய கண்ணிலும் படாமல் போய்விட்டால் போதும் என்றிருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் அவரே என்னைத் தேடி வந்தார்.

"அண்ணே... நான்..."

"விடும்மா. உன் மெசேஜப் பாத்ததும் ஒரு நிமிஷம்... அவ போகல, ரிசல்ட்டுதான் வந்துட்டு போலன்னு நானும் நம்பிட்டேன்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம்.

எல்லாரும் போட்ட பிறகு நானும் ஒரு பிடி மண் போட்டேன்.

போயிட்டு வா, மெர்சி.