திரையில் வைத்த பொட்டு

எங்கள் காரின் டேஷ்போர்டை வடிவமைத்த புண்ணியவான் ஒருநாள்கூட மழையில் வண்டி ஓட்டியிருக்க மாட்டார். கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வேன்.

பழைய காரில் ஏசிக்கு ஒரு திருகு இருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டே கையால் தடவித் திருகிவிடலாம். புதுக் காரில் எல்லாம் திரைக்குள் போய்விட்டது. காற்று வேண்டுமென்றால் மூலையில் ஒரு படத்தைத் தொட வேண்டும், அது வேறொரு பக்கத்தைத் திறக்கும், அதில் விசிறியைத் தேட வேண்டும். உத்திரமேரூர் ரோட்டுப் பள்ளத்தில் வண்டி குதித்தால் விரல் விசிறியை விட்டுப் பாட்டுப் படத்தின் மேல் போய் விழும். திட்டித் திட்டி எனக்கே அலுத்துவிட்டது.

என் மூன்று வயது மகளுக்கு அந்தக் கஷ்டமில்லை. முன்சீட்டின் முதுகில் அவளுக்கென்று ஒரு பொம்மை ஸ்டீயரிங் ஒட்டியிருக்கிறது. பச்சையை அமுக்கினால் ஹாரன், சிவப்பை அமுக்கினால் இன்ஜின் சத்தம், என்றைக்கும் மாறாது. அந்த ஹாரனைக் கேட்டுப் பின்னால் லாரி வருகிறதென்று இரண்டு முறை ஓரம் கட்டியிருக்கிறேன். பொம்மையை எங்களுக்கும் வண்டியை அவளுக்கும் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் போல.

போன ஐப்பசியில் ஒரு காலை, எங்கள் ஊர் மானாம்பதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தபோது என் கணவருக்கு நெஞ்சை அடைத்தது. ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்கள். பின்சீட்டில் அவரைச் சாய்த்து, பக்கத்தில் குழந்தையை உட்காரவைத்து, முன்னால் மாமியாரோடு காஞ்சிபுரத்துக்குக் கிளம்பினேன். ஊர் தாண்டுவதற்குள் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. கையால் துடைத்தால் மறு நிமிடம் மறுபடி மூடியது.

திரையின் மூலையைத் தொட்டேன். விரலில் சந்தனம் தட்டியது. ஆயுதபூஜைக்கு நான் வைத்த சந்தன குங்குமப் பொட்டு, அதன்பின் வண்டியை எடுக்காததால் கெட்டியாகக் காய்ந்து, சரியாக அந்தப் படத்தின் மேல் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு அமுக்கியும் திரை கேட்கவில்லை.

சுரண்டிப் போட்டிருக்கலாம், நானும் படித்தவள்தான். ஆனால் பின்னால் அவர் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்க, என் கையால் குங்குமத்தை அழிக்க பயமாக இருந்தது. வண்டியை ஓரம் கட்டினேன். குழந்தை ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தாள்.

"இன்னாம்மா, நிறுத்திட்ட?"

"இந்தப் பொட்ட அழிச்சாத்தான் காத்து வரும், அத்தே."

மாமியார் திரையைப் பார்த்தார், மகனைத் திரும்பிப் பார்த்தார். "நீ கைய வைக்காத. நான் தொடைக்கிறேன். எனுக்குப் போனது எப்பவோ போயிட்ச்சி."

முந்தானையை எச்சிலில் நனைத்து அழுத்தித் துடைத்தார். படத்தைத் தொட்டேன், காற்று வந்தது, ரோடு தெரிந்தது.

பூஜையன்று பொட்டு வைக்கக் கூப்பிட்டபோது, தாலி அறுத்தவள் கை ஆகாது என்று வேலியோரம் போய் நின்றவர் அவர்.

நேரத்தோடு போய்ச் சேர்ந்தோம். கணவர் இப்போது உப்பைக் குறைத்துக்கொண்டு, என் டிரைவிங்கைக் குறை சொல்லிக்கொண்டு நன்றாக இருக்கிறார். பொங்கலுக்கு வண்டியைக் கழுவிவிட்டுக் குங்குமச் சிமிழை மாமியாரிடம் நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவர் வைக்க மாட்டேன் என்கிறார். அவர் வைக்காமல் நானும் வைப்பதாக இல்லை.