பெயர் இல்லாத ஆறு பக்கங்கள்

3,287 நாட்களுக்கு ஒருமுறை, மிதுன ராசிப் பக்கம் உள்ள ஒரு மங்கலான நட்சத்திரம் இன்னும் மங்கிப்போகும். பத்தொன்பது நாள் அப்படியே கிடந்து பிறகு மீளும். ஏதோ ஒன்று அதன் குறுக்கே வந்து மறைக்கிறது. அது என்னவென்று யாருக்கும் தெரியாது.

2017 பிப்ரவரியில் அது மங்கியபோது அன்புசெல்விக்கு இருபத்தேழு வயது. கோவையில் ஆராய்ச்சி மாணவி. எட்டு மாதம் கழித்துப் பொதுவெளியில் வந்த தரவுகளைப் புரட்டியபோதுதான் அந்தச் சரிவைக் கண்டார். அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. அடுத்தது 2026 பிப்ரவரி. அதையும் விட்டால் 2035. அப்போது அவருக்கு நாற்பத்தைந்து.

திருப்பூர் பக்கம் மங்கலத்தில் விசைத்தறி ஓட்டும் சுப்பையனின் மகள் அவர். பெருமாநல்லூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இயற்பியல் உதவிப் பேராசிரியர். மறைப்பது தூசியா, இன்னொரு நட்சத்திரமா என்று சொல்ல, மங்கியிருக்கும்போதே அதன் ஒளியைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்குப் பெரிய தொலைநோக்கி தேவை. இமயமலை மேல் ஒன்று இருக்கிறது. பெங்களூருக்கு வெளியே ஓர் அறையில் உட்கார்ந்தே அதை இயக்கலாம். ஆனால் அதன் ஒவ்வொரு இரவுக்கும் நாடு முழுக்கப் போட்டி. விண்ணப்பத்தின் கடைசி நாள் 2025 அக்டோபர் 31, மாலை ஐந்து மணி.

ஒரு விதி உண்டு. ஆறு பக்க ஆய்வுத் திட்டத்தில் எழுதியவர் பெயரோ நிறுவனத்தின் பெயரோ எங்கும் தெரியக் கூடாது. பெயர்கள் தனிப் படிவத்தில் போகும். ஒதுக்கீட்டுக் குழு அதைப் பார்க்காது. திட்டத்தில் ஓர் அடையாளம் தெரிந்தாலும் படிக்காமல் தள்ளிவிடுவார்கள்.

கல்லூரியின் சம்மதக் கடிதமும் வேண்டும். அதில் கையெழுத்துப் போடுபவர் தாளாளர் தரணீதரன். அவரது அலுவலகம் இருப்பது அவருடைய பனியன் கம்பெனியில். அக்டோபர் 29 அன்று, சாம்பிள் துணிகளோடு காத்திருந்த நான்கு பேரோடு சேர்ந்து உள்ளே போனார் அன்புசெல்வி.

தாளாளர் ஆறு பக்கத்தையும் முன்னும் பின்னும் திருப்பினார்.

"என்னுங்க மேடம், காலேஜ் பேரையே காணோம்?"

"விதி அப்படிங்க சார். யாரு எழுதினதுன்னு தெரியாமத்தான் படிப்பாங்க."

"யாருன்னே தெரியாம எவனுங்க குடுப்பான்? மொட்டைக் கடுதாசில ஒருத்தன் ஆர்டர் கேட்டா நான் நூல் எறக்கிருவனா?"

"பேரு இருந்தா படிக்காமயே தள்ளிருவாங்க சார்."

"பேரைச் சொல்ல அவ்வளவு கூச்சமுங்களா? இல்ல, வேற காலேஜுக்குப் போறதுக்கு ரூட்டுப் போடறீங்களா?"

சாம்பிள் வைத்திருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் அன்புசெல்வியின் வாயைத் திறந்தது.

"முப்பது வருசமா பனியன் அனுப்பறீங்களே சார், ஒண்ணுலயாச்சும் உங்க பேரு இருக்குதுங்களா? கழுத்துல வாங்கற வெளிநாட்டுக்காரன் லேபிள்தானுங்களே? துணி நல்லா இருந்தா எடுத்துக்கறான். இதுவும் அப்படித்தானுங்க."

சிரித்தவர் தரையைப் பார்த்தார். தரணீதரன் பேனா மூடியைக் கழற்றினார். குரல் இறங்கியிருந்தது.

"எம் பேரு இருக்கோணும்னுதானுங்க காலேஜு கட்டுனேன்."

கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். "எல்லாத்தையும் காலேஜ் ஆபீஸ்ல குடுத்துருங்க. அவிய அனுப்பிக்குவாங்க."

ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டே பேருந்து ஏறினார் அன்புசெல்வி. கல்லூரியிலிருந்து வெளியே போகும் எதுவும் அலுவலகக் கணினி வழியாகத்தான் போக வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். அலுவலக உதவியாளர் செல்வக்குமாரிடம் கோப்புகளையும் கடவுச்சொல்லையும் கொடுத்தார். 'எதையும் சேர்க்க வேண்டாம்' என்று ஒரு தாளில் எழுதி மேலே ஒட்டியும் கொடுத்தார்.

31ஆம் தேதி மூன்று ஐம்பதுக்கு, விண்ணப்பம் வந்து சேர்ந்ததாக மின்னஞ்சல் வந்தது. இணைத்திருந்த கோப்பைக் கைபேசியில் திறந்தார். ஆறு பக்கத்தின் தலையிலும் கல்லூரி முத்திரை. ஆறு பக்கத்தின் காலிலும் தாளாளர் தரணீதரனின் பெயர், பட்டங்களோடு.

வகுப்பைப் பாதியில் விட்டு அலுவலகத்துக்கு ஓடினார்.

"செல்வக்குமார், ஒண்ணும் சேக்காதேன்னு எழுதிக் குடுத்தனா இல்லையா?"

"மேல இருந்து போன் வந்துச்சுங்க மேடம். ஹால் டிக்கெட்டுக்கே முத்திரை போடறோம். நட்சத்திரத்துக்குப் போடாம உடுவமா?"

"எந்திரி. நான் மாத்தி அனுப்பிக்கறேன்."

"இந்த சிஸ்டத்தைத் தொடாதீங்க. எனக்கு வேலை போயிருமுங்க."

"எனக்கு ஒம்பது வருசம் போயிருமே!"

"அதுக்கு நான் என்னுங்க பண்றது?" அவன் திரையை அணைத்துவிட்டு, மேசை மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டான்.

மணி நான்கு ஐந்து. சரியான கோப்பும் கடிதத்தின் நகலும் அன்புசெல்வியின் பென்டிரைவில்தான் இருந்தன; கைபேசியிலிருந்து அனுப்ப வழியில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பெருமாநல்லூர் பேருந்து நிறுத்தத்துக்கு வந்தார். அங்கே ஒரு ஜெராக்ஸ் கடை. ஆதாரில் முகவரி மாற்ற வடநாட்டுத் தொழிலாளர்கள் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள்.

"மேடம், லைன் மே ஆயியே," என்று வரிசைக்கு வரச் சொன்னான் முதலில் நின்றவன்.

"தம்பி, அஞ்சு மணிக்குள்ள..."

"ஹம் பீ சுபே சே கடே ஹை." அவர்களும் காலையிலிருந்து நிற்கிறார்களாம்.

கடைக்காரி பாண்டியம்மாள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர். நிமிர்ந்தே பார்க்கவில்லை. "இங்கன நிக்கிற எல்லாத்துக்கும் அவசரந்தேன். அரைநாள் கூலிய விட்டுட்டு வந்து நிக்கிறாய்ங்க. நீங்க வண்டில வந்தவுக, செத்த நில்லுங்க."

நியாயம்தான். அன்புசெல்வி வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார். நான்கு முப்பத்தைந்து வரை நின்றார். முன்னால் இன்னும் ஆறு பேர். அப்போது ஆதார் சர்வர் நின்றுபோனது. வரிசை மொத்தமும் பாண்டியம்மாளைத் திட்டியது. பாண்டியம்மாள் பதிலுக்கு டில்லி வரைக்கும் திட்டினார். சும்மா கிடந்த கணினியைக் காட்டி, "வாங்க, உங்க சோலிய முடிங்க," என்றார்.

பழைய விண்ணப்பத்தைத் திரும்பப் பெறு என்ற பொத்தானை முதலில் அழுத்த வேண்டும். அழுத்தினால் கையில் எதுவும் இல்லை. அழுத்தினார். பெயரில்லாத ஆறு பக்கத்தை ஏற்றினார். சம்மதக் கடிதமும் பெயர்ப் படிவமும் தனியாகப் போயின. நான்கு ஐம்பத்தொன்றுக்கு ஒப்புகை வந்தது.

திங்கட்கிழமை மெமோ வந்தது. கல்லூரியின் பெயரை வேண்டுமென்றே நீக்கியதற்கு மூன்று நாளில் விளக்கம் தர வேண்டும். 'விதிப்படி நீக்கினேன்' என்று இரண்டே சொல்லில் பதில் கொடுத்தார். அதன்பின் ஆசிரியர் அறையில் அவரோடு யாரும் டீ குடிக்கவில்லை.

டிசம்பர் 18 அன்று முடிவு வந்தது. கேட்டது மூன்று இரவு. கிடைத்தது இரண்டு: பிப்ரவரி 4, 5. நட்சத்திரம் மங்கலின் நடுவில் இருக்கும் நாட்கள். விடுப்புக் கடிதம் அன்றைக்கே தாளாளரிடம் போனது. மறுநாள் அவரே போனில் அழைத்தார்.

"மேடம், அந்த வாரம் இன்டர்னல் எக்ஸாமுங்க. லீவு இல்லீங்க."

"ரெண்டே நாளுங்க சார். இதை உட்டா 2035 தானுங்க."

"பேரில்லாமத்தான அனுப்புனீங்க? பேரில்லாமயே போயிக்கங்க."

"சரிங்க சார்," என்றார் அன்புசெல்வி. வேலையை விடுகிற கடிதத்தை அன்று மாலையே செல்வக்குமாரிடம் கொடுத்தார். அவன் அதை வாங்கி, வழக்கம்போல உள்வரவு முத்திரை குத்தினான்.

ஒதுக்கப்பட்ட நேரம் செல்லுமா என்று குழுவுக்கு எழுதிக் கேட்டார். நேரம் விண்ணப்பத்துக்குத் தரப்பட்டது, வரலாம் என்று ஒரு வரி பதில் வந்தது. கூடவே நுழைவு அனுமதிப் படிவம். அதில் 'நிறுவனம்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று நிரப்பி அனுப்பியிருக்கிறார்.

பிப்ரவரி 3 காலை திருப்பூரில் பெங்களூர் ரயில் ஏறுகிறார்.