அத்தையின் வெற்றுக் குழிகள்

"தனித்தனியா விட்டா ரெண்டும் தூங்குமூஞ்சி. சேத்து விட்டா வேலை பாக்குமா, நீயே சொல்லு?"

பல் துலக்கிக்கொண்டே அத்தை என்னிடம் கேட்டது இரண்டு மருந்துகளைப் பற்றி. பிரஷ் வாயில் இருக்கும்போதுதான் அவருக்குப் பேச்சு பொங்கி வரும். "துப்பிட்டுப் பேசு, தாயே!" என்று அம்மா தினமும் கத்துவார்.

அத்தைக்கு ஆய்வுக்கூடத்தில் வேலை. நரம்பில் வரும் ஓர் அரிய புற்றுநோயின் செல்களை, குட்டிக் குட்டிக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் வளர்த்து, இரண்டிரண்டு மருந்தாகச் சேர்த்து ஊற்றிப் பார்க்க வேண்டும். மருந்துகளின் பெயர்கள் ரயில் நீளம். அதனால் இந்த ஜோடிக்கு மாமியார், மருமகள் என்று பெயர் வைத்துவிட்டார். "அதுங்க ரெண்டும் ஒண்ணு சேந்துட்டா எதிர்ல எவன் நிப்பான்?" என்பார். அம்மா முறைப்பார்.

அந்தச் செல்கள் யாரோ ஒருவருடைய கட்டியிலிருந்து எடுத்தவை. யாரென்று ஆய்வுக்கூடத்தில் சொல்ல மாட்டார்கள். அத்தைக்கு அவர் "நம்மாளு". "நம்மாளுக்குக் குடுத்த மருந்தெல்லாம் கைவிட்டிருச்சு. இந்த ஜோடியும் தோத்தா எங்க கையில வேற மருந்து இல்லடி" என்று ஒருநாள் சொன்னார். அன்று மட்டும் அம்மா கத்துவதற்கு முன்பே துப்பிவிட்டு வாய் கொப்பளித்தார்.

போன மாதம், ஒற்றை மருந்து ஊற்றிய குழிகளில் செல்கள் ஜம்மென்று இருந்தன. ஜோடி ஊற்றிய குழிகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. வேறு யாராவது என்றால் துள்ளிக் குதித்திருப்பார்கள். அத்தை தலையில் அடித்துக்கொண்டாராம். "செல்லு போடவே மறந்துட்டேன், மடச்சி!" மறுபடி செய்தார். மறுபடியும் காலி. "என் கையே சரியில்ல. நீ போடுடா, தடியா" என்று கூட வேலை செய்பவரைப் பிடித்தார்.

"சந்தோஷப்படக்கூட உங்களுக்கு சாட்சி வேணுமாக்கா?" என்று கேட்டுக்கொண்டே அவர் போட்டுக் கொடுத்தார். இந்த முறையும் காலியாக வந்தால்தான் எலிகளில் சோதிக்கவே அனுமதி கிடைக்கும். நம்மாளு வரை எட்ட அதற்குப் பிறகும் வெகுதூரம்.

பள்ளி முடித்து, அடுத்து என்ன என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்த நான், முடிவு தெரியும் நாளில் அத்தையை அழைத்துவரப் போனேன். உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அத்தை நுண்ணோக்கியில் குனிந்தார். தட்டை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, கையுறை போட்ட இரு கைகளையும் அகல விரித்துக் காட்டினார். ஜோடி ஊற்றிய குழிகளில் ஒன்றுமே இல்லை! முகமூடிக்கு மேலே கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

நம்மாளு எந்த ஊரில், எந்தத் தெருவில் காத்திருக்கிறாரோ, எங்களுக்குத் தெரியாது. இதைப் படிக்கும் நீங்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். அவர் காதுக்கும் போய்ச் சேரட்டும்.