அம்மா சொன்ன ‘வாங்க’

எங்கள் வீட்டு வாசலில் யார் வந்து நின்றாலும் அம்மா முதலில் சொல்வது ‘வாங்க’தான். ஆள் யார், எதற்கு வந்தார் என்பதெல்லாம் தண்ணீர்ச் செம்பை நீட்டிய பிறகு. போன வருஷம் அந்த ஒரு சொல் என் தம்பியை மாட்டிவிட்டிருக்கும்.

தம்பி அமெரிக்காவில் ஒரு ஓட்டலில் சமையல்காரன். அங்கே தங்கும் அனுமதி முடிந்துபோய், நீட்டிக்க மனுக் கொடுத்திருந்தான். நடுவில் ஊருக்கு வந்தால் திரும்பப் போக முடியாது என்பதால் நாலு வருஷமாக வரவில்லை. குடியேற்ற அதிகாரிகள் வீடு வீடாகத் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவனுடைய வக்கீல் சொல்லியிருந்தார்: நீதிபதி கையெழுத்திட்ட வாரண்ட் இல்லாமல் கதவைத் திறக்க வேண்டியதில்லை, கேள்வி கேட்டால் பேசாமல் இருக்கலாம், பொய் மட்டும் சொல்லக் கூடாது.

இதை அவனை வாரம் ஒருமுறை ஒப்பிக்க வைத்தேன். நான் அருப்புக்கோட்டையில் ஒரு வக்கீலிடம் இருபது வருஷமாக டைப் அடிக்கிறவள். அதிகாரி வந்தால் எழுந்து நிற்பேன், மிரள மாட்டேன். தம்பியோ காக்கிச் சட்டையைக் கண்டாலே மடித்துக் கட்டிய கைலியை இறக்கிவிடுகிற ஆள்.

கோர்ட்டுக்கு மே மாத விடுமுறை. சாயங்காலம் அம்மா மல்லி புடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வீடியோவில் வந்தான். அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது.

“அக்கா, வந்துட்டாக. கதவத் தட்டுறாக. தொறக்காம நின்னா மரியாதையா இருக்காதுக்கா.”

“மரியாதையெல்லாம் நம்ம ஊர்ல வச்சுக்கிருவோம். தாப்பாள்ல இருந்து கைய எடு. பேப்பர ஜன்னல்ல காட்டச் சொல்லு.”

கேட்டான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் தாளை ஒட்டிப் பிடித்தார். “எழுத்தெல்லாம் ஆடுதுக்கா” என்று தம்பி போனை அதற்கு நேரே நீட்டினான். தாளுக்குப் பின்னால் தொப்பி போட்ட இரண்டு முகங்கள். முறத்தை வைத்துவிட்டு எட்டிப் பார்த்த அம்மா, முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, “வாங்க, வாங்க” என்றாள்.

சட்டென்று போனைப் பொத்தினேன். “கெடுத்தியேம்மா! அவுக ஒன்னும் விருந்துக்கு வரல. ஓம் மகனப் பிடிச்சிட்டுப் போக வந்திருக்காக.”

நல்லவேளை, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. அம்மா சுவரோடு உட்கார்ந்துவிட்டாள். பாவமாக இருந்தது, ஆனால் சமாதானம் சொல்ல நேரமில்லை. தாளைப் பெரிதாக்கிப் பார்த்தேன். தலைப்பில் வாரண்ட் என்றுதான் இருந்தது. கையெழுத்துக்குக் கீழே ஓர் அதிகாரியின் பதவி. நீதிபதியும் இல்லை, கோர்ட் பெயரும் இல்லை. இதைப் பார்க்க எனக்குக் கண்ணாடிகூட வேண்டாம்.

“நீதிபதி கையெழுத்து இல்ல, அதனால தொறக்க மாட்டேன்னு மட்டும் சொல்லு. வேற பேச்சே வேணாம்.”

திக்கித் திக்கிச் சொன்னான். மறுபடியும் தட்டினார்கள். கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வக்கீலைக் கூப்பிடச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

அம்மா போனை என் கையிலிருந்து வாங்கினாள்.

“இனிமே யாரு வந்தாலும் தொறக்காதய்யா” என்றாள். அவள் வாயிலிருந்து அப்படியொரு பேச்சை நான் கேட்டதே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னாள்: “நீ வாரப்ப தட்டக்கூட வேணாம். நம்ம கதவு தொறந்துதான் கெடக்கு.”