காலேஜ் போட்டோவில் இருந்த முடி

கடலூரில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு முப்பது வயதிருக்கும். நெற்றியின் இரு ஓரங்களிலும் முடி நன்றாக உள்ளே ஏறிவிட்டது. ஜன்னல் காற்று அடிக்கும்போதெல்லாம் முன்முடியை இழுத்து மூடிக்கொண்டார்.

“சிதம்பரத்துல பொண்ணு பாக்கப் போறேன் சார். அம்மா என் காலேஜ் போட்டோவ அனுப்பிட்டாங்க. டாக்டரு, ‘இது பரம்பரை, மருந்து போட்டா கொட்டுறது கொறயும், போனதெல்லாம் திரும்பாது’ன்னுட்டாரு. பொண்ணு ஏமாந்துடக் கூடாதில்ல?”

சட்டென்று போனை எடுத்து அந்தப் பெண்ணையே அழைத்தார்.

“நான்தாங்க. போட்டோல இருக்கற முடி இப்ப பாதி இல்லீங்க.”

மறுமுனையில் எழுந்த சிரிப்பு எனக்கே கேட்டது. பேசி முடித்தவர் என் தோளைத் தட்டினார்.

“அவுங்க அனுப்புனதும் பழைய போட்டோவாம் சார்! இப்ப சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்காங்களாம்!”

சிதம்பரத்தில் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே இறங்கி ஓடினார். கல்யாணம் முடிந்திருக்கும் என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.