ஷெரிஃப் முதுகைக் காட்டிய இடம்

அந்நாட்களில் கோபிச்செட்டிபாளையத்தில் இருந்த என் கணவர் வீட்டார், நான் அமெரிக்கப் போலீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாக நம்பினார்கள். தொலைபேசியில் நான் பேசியதெல்லாம் ஷெரிஃப், டெபுடி, பிரேதப் பரிசோதனை என்றே இருந்ததால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் நாத்தனார் ஒரு முறை குரலைத் தாழ்த்தி, "துப்பாக்கி குடுத்திருக்காங்களா அண்ணி? பார்த்து இருங்க" என்றாள். இங்கே அமெரிக்காவில், வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டுக்குள் நிலவிய நம்பிக்கை வேறு. என் கணவர் சண்முகமும் மகளும், நான் நாள் முழுவதும் டிவி பார்க்கிறேன் என்று நினைத்தார்கள்.

நான் பார்த்த வேலை, ஓர் ஆங்கிலக் குற்றத் தொடருக்குத் தமிழில் டப்பிங் வசனம் எழுதுவது. அப்பலாச்சிய மலையில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிப்போன ஒரு சிறு மாவட்டம். அங்கே எமெட் என்றொரு ஷெரிஃப். பத்து எபிசோடுகளுக்கு ஒரு கொலை. கணவரைச் சார்ந்தவள் என்ற டிபென்டென்ட் விசாவில் வந்து, வேலை செய்யும் அனுமதிக்காகப் பல ஆண்டுகள் நூலகத்தில் புத்தகம் படித்தே காத்திருந்தவள் நான். இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் வேலை இதுதான். இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் கேட்பதால், அந்த முதல் சீசனைப் பற்றி எழுதுகிறேன்.

ஏனுங்க, கையைத் தூக்குங்க

எங்கள் ஸ்டூடியோ, பிரகாஷ் என்ற இளைஞரின் வீட்டு பேஸ்மென்ட். பகலில் ஐடி வேலை பார்த்த அவர்தான் எங்கள் சவுண்ட் இன்ஜினியர். உடைகள் வைக்கும் ஒரு க்ளாசெட்டைக் காலி செய்து, சுவர்களில் கம்ஃபர்ட்டர் எனும் பழைய பஞ்சுப் போர்வைகளை ஆணியடித்து, குரல் பதியும் அறையாக மாற்றியிருந்தார். ஷெரிஃப் எமெட்டுக்குக் குரல் கொடுத்தவர் மகாலிங்கம் அங்கிள். பாலம் கட்டும் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வெஸ்ட் வின்ட்சர் தமிழர்களின் பொங்கல் விழா நாடகங்களில் ராஜா வேடம் வேறு யாருக்கும் போனதில்லை. அவர் பேசத் தொடங்கினால் மைக் தேவையில்லை என்பதுதான் பிரகாஷின் முதல் கவலை.

என் முதல் கவலை, மலைநாட்டு மக்கள் என்ன தமிழ் பேசுவார்கள் என்பது. ஆங்கிலத்தில் அவர்கள் பேச்சில் ஒரு தனி இழுப்பும், எதிரியிடம்கூடக் குறையாத ஒரு மரியாதையும் இருந்தன. அது நான் பிறந்த பக்கத்துப் பேச்சை எனக்கு நினைவூட்டியது. எனவே முதல் எபிசோடு முழுவதையும் கொங்குத் தமிழில் எழுதி, சாம்பிள் பதிவு செய்து, எங்களுக்கு இந்த வேலையைத் தந்த, கலிஃபோர்னியாவின் டப்ளின் நகரில் இருந்த கம்பெனிக்கு அனுப்பினோம். காட்டுக்குள் திருட்டுச் சாராயம் காய்ச்சும் ஒருவனை எமெட் வளைத்துப் பிடித்துத் துப்பாக்கியை நீட்டுகிறார். அங்கிளின் கம்பீரக் குரல் ஒலிக்கிறது: "ஏனுங்க, கொஞ்சம் கையைத் தூக்குங்க. தப்பா நினைச்சுக்காதீங்க, சுட்டுப் போடுவனுங்க."

மறுநாளே கம்பெனியிலிருந்து நிவேதிதா அழைத்தாள். எங்கள் வேலையை மேற்பார்வை பார்த்தவள் அவள்.

"ஆன்ட்டி, அவர் அரெஸ்ட் பண்றாரா, கல்யாணத்துக்கு இன்வைட் பண்றாரா?"

"அவர் மரியாதையான மனுஷர்ம்மா."

"மரியாதை ஓகே ஆன்ட்டி. ஆனா அந்தத் திருடன் காபி சாப்பிட்டுட்டுப் போங்கன்னு சொல்லிடுவான் போல இருக்கு."

முழுவதையும் பொதுத் தமிழுக்கு மாற்றினேன். பழைய பாட்டில் வாங்க வரும் ஒரே ஒரு வியாபாரிக்கு மட்டும் "ஏனுங்க"வை விட்டுவைத்தேன். அதை யாரும் கவனிக்கவில்லை.

மிச்சத்தை முதுகில் வை

டப்பிங்கில் உதடுதான் எஜமானன். "நோ" என்று சொல்லி எமெட் வாயை மூடிவிடுவார். தமிழில் அந்த இடத்துக்கு "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது" என்பதுதான் பொருந்தும். மூடிய வாயிலிருந்து குரல் வந்தால் பார்ப்பவர் சிரித்துவிடுவார். ஆகவே தமிழ் டப்பிங்கில் நெடுங்காலமாக ஒரு வழக்கம் உண்டு. பாத்திரம் திரும்பி நிற்கும்போதோ, தலை குனியும்போதோ, உதட்டில் அடங்காத மிச்ச வசனத்தை அங்கே வைத்துவிடுவது. அதைத்தான் மிச்சத்தை முதுகில் வை என்போம்.

எமெட்டோ எங்களுக்காகவே படைக்கப்பட்டவர் போல இருந்தார். அகலமான தொப்பி வைத்திருந்தார். பாதி நேரம் மலையைப் பார்த்தபடி கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார். நான் அந்த இடங்களில் மிச்சத்தை மட்டுமே வைத்தேன். அங்கிள் தம் பங்குக்கும் கொஞ்சம் வைத்தார். சும்மா மரத்தைப் பார்க்கும் எமெட், தமிழில் "ம்... எல்லாம் அவன் செயல்" என்றார். காரில் ஏறும்போது "முருகா" என்றே ஒரு முறை சொல்லிவிட்டார். பிரகாஷ் அதை அழித்தார்.

"அங்கிள், அவர் பாப்டிஸ்ட் கிறிஸ்தவர்."

"ஏம்ப்பா, கார்ல ஏறும்போது எல்லாரும் ஒரே மதம்தான்."

எங்கள் ஒப்பந்தம் இதுதான்: முதல் மூன்று எபிசோடுகள் சோதனை. டப்ளினில் சில தமிழ்க் குடும்பங்களுக்கு அவற்றைப் போட்டுக்காட்டுவார்கள். அவர்கள் எழுந்து போகாமல் பார்த்து, நாலாவதையும் பார்க்க வேண்டும் என்று சொன்னால் மீதி ஏழும் எங்களுக்கு. இல்லையென்றால் வேலை வேறொரு ஸ்டூடியோவுக்குப் போய்விடும். பிரகாஷுக்குப் பகல் வேலை இருந்தது, அங்கிளுக்குப் பென்ஷன் இருந்தது. எனக்கு இது மட்டும்தான் இருந்தது. மூன்றையும் முடித்து அனுப்பிவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை நான் வெகு நாட்களுக்குப் பிறகு நிம்மதியாகச் சமைத்தேன்.

சண்முகத்தின் கேள்வி

சாப்பிட்டுக்கொண்டே, "அப்படி என்னதான் பண்றே, போடு பார்க்கலாம்" என்றார் சண்முகம். நான் மகிழ்ந்து மூன்றாவது எபிசோடைப் போட்டேன். சுரங்க முதலாளி ஒருவர் ஓடைக்கரையில் இறந்து கிடக்கிறார். எமெட் தொப்பியோடு குனிந்து, பிணத்தின் அருகே நிற்கிறார். முதுகுதான் தெரிகிறது. படம் முடிந்ததும் சண்முகம் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நல்லா இருக்கு. அப்போ அந்தத் தம்பிக்காரன் டோபிதான் கொன்னுட்டானா?"

இறந்த முதலாளியின் தம்பி டோபிதான் கொலைகாரன். ஆனால் அது பத்தாவது எபிசோடின் கடைசியில்தான் தெரிய வேண்டும்.

"யார் சொன்னது உங்களுக்கு?"

"ஷெரிஃப்தான் சொன்னாரே."

ஓடைக்கரைக் காட்சியைத் திரும்ப ஓட்டினேன். ஆங்கிலத்தில் அங்கே வசனமே கிடையாது. ஓடையின் ஓசையும் எமெட்டின் மூச்சும் மட்டுமே. எங்கள் தமிழில், தொப்பிக்குக் கீழிருந்து மகாலிங்கம் அங்கிளின் குரல் துக்கத்தில் தழுதழுத்தது: "கூடப் பிறந்தவன் கையாலேயே சாவுன்னு உன் தலையில எழுதியிருந்தா, இந்த ஷெரிஃப் என்னய்யா பண்ண முடியும்?"

பதிவின்போது இது எங்கள் மூன்று பேர் காதிலும் விழுந்திருக்கிறது. "ஃபீலிங் சூப்பர் அங்கிள்" என்று பிரகாஷ் பாராட்டியதுகூட நினைவுக்கு வந்தது. பத்து எபிசோடுகளின் கதையும் எங்களுக்கு மனப்பாடம். டோபி கொலைகாரன் என்பது எங்களுக்குச் சூரியன் கிழக்கே உதிப்பதைப் போன்ற செய்தி. அதை ஒருவர் வாய்விட்டுச் சொன்னதாக எங்களில் யாருக்குமே தோன்றவில்லை.

அங்கிளை அழைத்தேன். அவர் சிறிதும் அசரவில்லை.

"ஏம்மா சுமதி, ஒருத்தன் செத்துக் கெடக்கான். எழவு வீட்டுக்குப் போனா ரெண்டு வார்த்தை சொல்லி அழமாட்டோமா? வாயைத் தெறக்காம நின்னா ஊரு நம்மளைத்தான் சந்தேகப்படும்."

"அங்கிள், அவர் போலீஸ்."

"போலீஸுக்கு மட்டும் மனசு இல்லையா?"

"மனசு இருக்கலாம் அங்கிள். முடிவு தெரிஞ்சிருக்கக் கூடாது."

"அடடா" என்றார் அங்கிள். "உன் வேலைக்கு ஏதாவது ஆகுமாம்மா?"

நிவேதிதாவிடம் மறைப்பதில் பொருளில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆன்ட்டி, நாளைக்கு ஸ்க்ரீனிங். ஃபைல் லாக் ஆயிடுச்சு. என் பாஸும் வர்றார். இப்ப மாத்தவே முடியாது." ஒரு பெருமூச்சு. "கும்பிட்டுக்கோங்க."

டப்ளினில் ஒரு சனிக்கிழமை

மறுநாள் பிற்பகல் பிரகாஷின் பேஸ்மென்டில் நாங்கள் மூவரும் லேப்டாப் முன் அமர்ந்தோம். நிவேதிதா தன் ஃபோனை டப்ளினில் ஓர் அலமாரியின் மேல் சாய்த்து வைத்திருந்தாள். ஒரு பெரிய ஹாலும் சோஃபாக்களும் ஏழெட்டுக் குடும்பங்களும் சமோசாத் தட்டுகளும் தெரிந்தன. முதல் எபிசோடில் இருவர் ஃபோனைப் பார்த்தார்கள். இரண்டாவதில் ஒரு குழந்தை அழுதது. மூன்றாவதில் ஓடைக்கரை வந்தது. அங்கிள் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

தம் குரலைத் தாமே கேட்டார். "கூடப் பிறந்தவன் கையாலேயே..."

ஹாலில் ஒரு கல்லூரிப் பெண் நிமிர்ந்தாள். "வெயிட், ஹி ஜஸ்ட் டோல்ட் அஸ்! இட்ஸ் த ப்ரதர்!"

என் வேலை போய்விட்டது என்று அந்தக் கணத்தில் தீர்மானித்துவிட்டேன். பிரகாஷ் என்னைப் பார்க்காமல் ஏதோ ஒரு வயரைச் சுற்றினார்.

அந்தப் பெண்ணின் தாய் சமோசாவிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினார்.

"போடி இவளே. மூணாவது எபிசோட்ல சொல்லிட்டா அவன் கொலைகாரனா இருப்பானா? மிச்சம் ஏழு எபிசோடை எப்படி ஓட்டுவான்?"

"ஆமாங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர். "முதல்ல யார் மேல பழி விழுதோ, அவன் அப்பாவி. இது தெரியாதா? அந்தத் தம்பி பாவம், ஜெயிலுக்குப் போகப் போறான் பாருங்க."

"எனக்கு அந்தப் பாதிரியார் மேலதான் டவுட். முழியே சரியில்ல."

"பாதிரியார் இல்லைங்க, அந்த ஆஸ்பத்திரில ஒரு இந்தியன் டாக்டர் வர்றாரே, அவர். காரணம் இல்லாம அவரைக் காட்டுவாங்களா?"

"ஹலோ, நம்ம ஆளு அதெல்லாம் பண்ண மாட்டாரு. அவரு கிரீன் கார்டுக்கு வெயிட்டிங்ல இருப்பாரு. இந்த நேரத்துல போய் யாராவது கொலை பண்ணுவாங்களா?"

ஹால் சிரிப்பில் அதிர்ந்தது. பிறகு சண்டை வலுத்தது. பாதிரியார் கட்சி, டாக்டர் கட்சி என இரண்டாகப் பிரிந்தார்கள். டோபிக்காகப் பரிந்து பேசவே ஒரு கூட்டம் சேர்ந்தது. கல்லூரிப் பெண் மட்டும், "ஹலோ? த ஷெரிஃப் லிட்டரலி செட் இட்" என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்தாள். நிவேதிதாவின் பாஸ் நான்காவது எபிசோடு இன்னும் தயாராகவில்லை என்று அறிவித்ததும் எழுந்த கூச்சல், எங்கள் லேப்டாப் ஸ்பீக்கரில் கரகரத்தது.

"என்னங்க இது, அநியாயமா இருக்கு! அந்தத் தம்பிப் பையனைத் தூக்குல போட்டுட்டாங்களா இல்லையா, அதையாவது சொல்லிட்டுப் போங்க!"

என் கணவர் சீரியல் பார்க்காதவர். ஆகையால் போலீஸ் சொன்னதை நம்பினார். அவர்கள் ஆயுள் முழுவதும் சீரியல் பார்த்தவர்கள், ஆகையால் நம்பவில்லை. அந்த வித்தியாசம்தான் என் வேலையைக் காப்பாற்றியது.

நிவேதிதா ஃபோனைக் கையில் எடுத்தாள். முகம் முழுவதும் சிரிப்பு. "மீதி ஏழும் உங்களுக்குத்தான் ஆன்ட்டி. ஆனா ரிலீசுக்கு முன்னாடி அந்த லைனைத் தூக்கிடுங்க ப்ளீஸ். எல்லா ஊர்லயும் இவ்ளோ விவரமானவங்க இருக்க மாட்டாங்க."

பேசாமல் இருந்த டேக்

வசனத்தை அழிப்பது எளிது. ஆனால் அழித்த இடத்தில் எமெட்டின் மூச்சும் சேர்ந்து போய்விட்டது. நடிகரின் மூச்சைக்கூட நம் குரல்தான் விட வேண்டும். இல்லையென்றால் அந்த இடத்தில் மனிதன் மரமாகிவிடுவான். ஆகவே அங்கிள் மறுபடியும் க்ளாசெட்டுக்குள் போனார், பேசாமல் இருப்பதற்காக.

முதல் டேக்கில் "ச்சு" கொட்டினார். அடுத்ததில் "ஐயோ பாவம்" என்று கிசுகிசுத்தார். பின்னொன்றில் தொண்டையைச் செருமிவிட்டு, "இது மூச்சுதானேப்பா" என்று வாதாடினார். கடைசியில் நான் உள்ளே போய், அந்த முதுகை எத்தனை நேரம் வேண்டுமானாலும் சும்மா பார்க்கும்படி சொன்னேன். அவர் ஒலியில்லாமல் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"இவன் யாரும் பார்க்கணும்னு நிக்கலைம்மா," என்றார் பிறகு. "என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கறான்."

அடுத்த டேக்கில் வெறும் மூச்சு வந்தது. உள்ளே இழுத்து, நடுவில் சற்றே தடுக்கி, மெல்ல வெளியே விட்ட மூச்சு. பிரகாஷ் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டுக் கட்டை விரலை உயர்த்தினார். அந்த மனிதர் நடித்ததில் அதைவிடச் சிறந்த நடிப்பை நான் எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

இந்தத் தொழிலில் நான் கற்றது ஒன்றே ஒன்று, சொல்லிவிடுகிறேன். எத்தனை கவனமாகச் செய்தாலும், கதை தெரியாத ஒருவரிடம் காட்டாமல் எதையும் அனுப்பாதீர்கள். நமக்குத் தெரிந்தது நம் காதை அடைத்துவிடும். அன்றிலிருந்து எங்கள் எல்லா எபிசோடுகளையும் முதலில் கேட்பவர் சண்முகம். அவர் அதை வேலை என்று ஒப்புக்கொள்வதில்லை.

தொடர் பிறகு சில சீசன்கள் ஓடியது. மூன்றாம் சீசனின் முடிவில் ஷெரிஃப் எமெட்டைச் சுட்டுவிட்டார்கள். அவருக்குப் பதிலாக ஒரு பெண் ஷெரிஃப் வந்தார். நிவேதிதா வேறு கம்பெனிக்குப் போனாள். பிரகாஷுக்கு ஹூஸ்டனில் வேலை கிடைத்து வீட்டை விற்றார். மைக்கையும் கம்ஃபர்ட்டர்களையும் எங்கள் வீட்டு மாடியில் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். கருவிகளை இப்போது நானே இயக்குகிறேன். அங்கிளுக்குப் பெரிய பாத்திரம் எதுவும் மிஞ்சவில்லை. நீதிபதி, பெட்ரோல் பங்க்காரர், சாராயக் கடைக் கூட்டம், சில நாட்களில் ஒரு நாய் என்று கிடைத்ததைச் செய்கிறார். செவ்வாய்க்கிழமை காலைகளில் நான் இந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடும், மகாலிங்கம் அங்கிள் அந்தப் பக்கம் கம்ஃபர்ட்டர்களின் நடுவிலும் இருக்கிறோம்.