வன்னியராஜ் லீவு எடுத்த வாரம்

தம்பானூர் ரயில் நிலையத்துக்கு எதிர்ச்சந்தில் இருக்கும் ஒரு லாட்ஜில் வேலைக்குச் சேர்ந்தபோது வன்னியராஜுக்கு மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. வள்ளியூர்ப் பக்கத்திலிருந்து மலையாள தேசத்துக்குப் பிழைக்க வந்தவர். பெட்டி தூக்கும் வேலையில் தொடங்கி மேனேஜர் நாற்காலிக்கு வந்து சேர்ந்தார். வந்தபின் அதை விட்டு அவர் எழுந்ததை யாரும் பார்த்ததில்லை. மதியச் சாப்பாடு மேசைக்கே வரும். கல்யாணத்துக்குக் கேட்ட லீவுகூட முடியுமுன்பே திரும்பி வந்துவிட்டார். மறுவீட்டுக்குத் தான் ஒற்றையாகப் போய்வந்த கதையை மனைவி பொன்னம்மை இன்றும் சொல்லிக்காட்டுவாள்.

போன மழைக்காலத்தில் ஒருநாள், சாவி எடுக்கக் கை நீட்டியவர் அப்படியே தலைசுற்றிச் சரிந்தார். பிரஷர் ஏறியிருக்கிறது, ஒரு வாரம் வேலைப்பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் வேறு ஆள் போட்டுக்கொள்வதாக முதலாளி சொன்னதும் பிரஷர் இன்னும் கொஞ்சம் ஏறியது.

“வேற ஆளா? என் சீட்டுலயா?”

“நான் உக்காருறேன்பா,” என்றாள் மகள் சுஜா. படிப்பு முடித்து, பக்கத்தில் கழக்கூட்டம் என்ற ஊரில் ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்து, சேரும் தேதிக்காகக் காத்திருந்தாள்.

அன்று முழுக்க அவளுக்குப் பாடம் நடந்தது. காலை ஆறு மணிக்கு ஒவ்வொரு கதவாகத் தட்டி வெந்நீர் வேண்டுமா என்று கேட்க வேண்டும். வருகிறவர்களிடம் எந்த ஊர், என்ன காரியம், யாருக்கு உடம்புக்கு என்ன என்று விசாரிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, சீட்டை விட்டு எழுந்திருக்கக்கூடாது.

“செரிப்பா, செரிப்பா,” என்றாள் சுஜா. அவள் காதில் இயர்போன் இருந்ததை அவர் கடைசியில்தான் கவனித்தார்.

மறுநாள் அவரால் வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. பொன்னம்மை வெண்டைக்காய் நறுக்குவதில் குறை கண்டுபிடித்தார். அதற்கடுத்த நாள், சுசீந்திரத்தில் சாமி கும்பிட்டுவிட்டு அக்கா வீட்டில் தங்கி வருவதாகச் சொல்லி ஒரு பையுடன் கிளம்பினார். ஆட்டோ பிடித்து, தன் லாட்ஜுக்கு நேர் எதிரே இருந்த லாட்ஜில் போய் இறங்கினார்.

அங்கே மேனேஜர் திரவியம். நாகர்கோவில்காரர். இரண்டு பேரும் பல வருடமாக ரயிலிறங்கி வருகிறவர்களைத் தெருவுக்குக் குறுக்கே போட்டி போட்டு இழுத்தவர்கள். வன்னியராஜ் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, தெருப்பக்கம் ஜன்னல் உள்ள ரூம் கேட்டதும் திரவியம் உருகிப்போனார்.

“எந்தா அண்ணாச்சி, வீட்ல பிணக்கமா?”

உண்மையைச் சொன்னால் கேவலம். வன்னியராஜ் ஆமென்றும் இல்லையென்றும் சொல்லாமல் தலையை ஒரு மாதிரி ஆட்டிவைத்தார். திரவியம் அவரே பையைத் தூக்கிக்கொண்டு மாடியேறினார்.

ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிந்தது. சுஜா காலை மடக்கி நாற்காலியில் ஏற்றி உட்கார்ந்திருந்தாள். சாவியை மேசையில் தள்ளிவிட்டாள். யாரையும் எதுவும் விசாரிக்கவில்லை. வந்தவர்களும் போனைப் பார்த்துக்கொண்டே மாடியேறிப் போனார்கள். மதியமானதும், வன்னியராஜின் கண்ணெதிரிலேயே, அவள் எழுந்து நின்று சோம்பல் முறித்துவிட்டு வெளியே போனாள். சீட் காலி. கொஞ்சநேரம் பார்த்தார். காலியாகவே இருந்தது. கீழே ஓடித் திரவியத்தின் போனை வாங்கி லாட்ஜ் நம்பருக்கு அடித்தார்.

“ஹலோ, ரூம் உண்டோ?” என்றார், குரலை மாற்றி மலையாளத்தில்.

“உண்டு சார். எத்தர பேருண்டு?” சுஜாவின் குரல்தான். பின்னால் ஓட்டல் சத்தம். லாட்ஜுக்கு வரும் அழைப்பையெல்லாம் அவள் தன் போனுக்குத் திருப்பிவிட்டிருந்தாள்.

“அது பின்னெ பறயாம்,” என்று அதைப் பிறகுக்குத் தள்ளிவிட்டு அதட்டினார். “சீட்டில் ஆளில்லாதெ லாட்ஜ் நடத்துந்நது எந்து மர்யாதையாணு?”

சுஜா தமிழுக்கு மாறினாள்.

“சீட்ல ஆள் இல்லேன்னு போன்ல எப்படிப்பா தெரியும்?”

சீட் தெரிகிற ஜன்னல் எதிர் லாட்ஜில்தான் உண்டு. கால்மணி நேரத்தில் ஒரு சாப்பாட்டுப் பொட்டலத்துடன் அங்கே மாடியேறி வந்துவிட்டாள். வன்னியராஜ் முந்திக்கொண்டார்.

“ஆறு மணிக்குக் கதவத் தட்டினியா?”

“தட்டினேன். மூணு பேரு ஏசினாங்க. இப்ப வெந்நீர் வேணும்னா வாட்ஸ்அப்ல சொல்லுங்கன்னு எழுதி ஒட்டிட்டேன்.”

“ஆளுங்கள விசாரிக்கவே மாட்டேங்குற?”

சுஜா பொட்டலத்தைப் பிரித்து அவர் முன்னால் வைத்தாள். “காலைல ஒரு கயத்தாறு தாத்தா. கண்ணாஸ்பத்திரிக்கு மாசாமாசம் வருவாராமே? கண்ணு எப்படி இருக்குன்னு நான் கேக்கலன்னு பெட்டியத் தூக்கிட்டுக் கிளம்பிட்டார். பின்னாலயே ஓடிக் கேட்டுக் கூட்டிட்டு வந்தேன்.”

“இப்ப எப்படி இருக்காம்?”

“இடது கண்ணு பரவால்லியாம்.”

வன்னியராஜுக்கு அப்பாடா என்று இருந்தது. சுசீந்திரக் கதையை அம்மாவிடம் உடைக்கமாட்டேன், ஆனால் ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ஐந்து நிமிடம் கண்ணை மூடலாம் என்றுதான் படுத்தார். எழுந்தபோது தெருவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. விவரம் தெரிந்து அவர் பகலில் தூங்கியது அன்றுதான். மறுநாளும் தூங்கினார். ஜன்னல் பக்கம் போகக்கூட மறந்தார்.

சுஜா வாய் திறக்கவில்லை. திரவியத்துக்குத்தான் மனசு கேட்கவில்லை. ஒரு குடும்பத்தைச் சேர்த்துவைக்கும் புண்ணியத்துக்காகப் பொன்னம்மைக்குப் போன் போட்டு, “அண்ணாச்சி பாவம், எப்பவும் படுத்தே கெடக்காரு. நீங்கதான் விட்டுக்கொடுத்துப் போவணும்,” என்று சொல்லிவிட்டார்.

பொன்னம்மை வந்த வேகத்தில் கதவு சுவரில் மோதியது.

“சாமி எப்ப சுசீந்திரத்துல இருந்து தம்பானூருக்குக் குடி வந்துச்சு? நான் உங்கள அடிச்சா வெரட்டினேன்?”

வன்னியராஜ் ஒன்றுவிடாமல் சொன்னார். கேட்டுக்கொண்டே பொன்னம்மை ரூமைச் சுற்றிப் பார்த்தாள். விரித்து வைத்த வெள்ளைப் படுக்கை. திறந்தால் வெந்நீர். யாரோ காலி டம்ளரை எடுத்துக்கொண்டு போனார்கள். மின்விசிறிக்குக் கீழே மெல்ல உட்கார்ந்தாள்.

“இங்க சமைக்க வேண்டாமா?”

“கீழ சொன்னா மேல கொண்டுவந்து தருவாங்க.”

“என்ன வேணும்னாலுமா?”

“என்ன வேணும்னாலும்.”

பொன்னம்மை செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். கட்டிலில் சாய்ந்து, “எனக்கு மசால்தோசை. நெய் ஊத்தி,” என்றாள். “போய்ச் சொல்லிட்டு வாங்க, நான் கொஞ்சம் கண்ணசருறேன்.”

வாரத்தின் மீதி நாளெல்லாம் இருவரும் அங்கேதான் இருந்தார்கள். சாயங்காலங்களில் பழவங்காடி வரை நடந்துபோய்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கடைவீதியில் ஒன்றும் வாங்காமல் திரும்பினார்கள். தன் முயற்சி பலித்ததென்று திரவியம் இரண்டு பேருக்கும் சர்பத் வாங்கிக்கொடுத்தார்.